சுவரில் மாட்டிய சான்றிதழ்

சித்தனாவிடம் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் அழுது நான் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கிளினிக்கில் தரை துடைத்துக்கொண்டும் டீ போட்டுக்கொண்டும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஊசியை வலது கைக்குள் மறைத்துக்கொண்டு, இடது கையால் பிள்ளையின் காது மடலைப் பிடிப்பாள். "இந்தக் காது யாரோடது? உன்னோடதா, உங்க வாப்பாகிட்ட இருந்து திருடினதா?" என்று கேட்பாள். பிள்ளை யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

மலையிலிருந்து இறங்கி அரபு ஊரான இந்தச் சலாலாவுக்கு வருகிற ஒட்டகக்கார வீட்டுப் பெண்கள் அவள் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். "வெள்ளைத்துணி அம்மா இருக்காங்களா? இல்லேன்னா நாளைக்கு வர்றோம்" என்பார்கள். சூடான் பெண்கள் வேலைக்குப் போகும்போது சுற்றிக்கொள்கிற வெள்ளைத் துணியை அவள் கிளினிக் வாசல் வரைக்கும் உடுத்தித்தான் வருவாள். உள்ளே வந்ததும் மடித்து வைத்துவிட்டு நர்ஸ் உடைக்கு மாறுவாள்.

அவளும் நானும் ஒரே அறை. அக்காவை நாங்கள் "ராத்தா" என்போம்; அந்தச் சொல்லை என்னிடம் கற்றுக்கொண்டு என்னை அப்படியே கூப்பிடுவாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. சூடானில் ஒம்துர்மான் ஊர்க்காரி. தகப்பனார் லாரி ஓட்டினவர். அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கின பெண் இவள்தான். நர்ஸ் படிப்பை முடித்த அன்றைக்கு அவள் தகப்பனார் ஓர் ஆட்டை அறுத்து ஊருக்கே சோறு போட்டாராம். சான்றிதழுக்குத் தங்க நிறத்தில் சட்டம் போட்டு, விருந்தாளிகள் உட்காருகிற அறையில், மக்கா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்களாம். அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம். பெண் படித்திருக்கிறாள் என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை, வருகிறவர்கள் சுவரைப் பார்த்தால் போதும்.

சலாலாவுக்குக் கிளம்பும்போது அந்தச் சட்டத்தைக் கழற்ற ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். தாயார் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். "நீயும் போறே, அதையும் கொண்டு போனா நான் சுவத்தைப் பாத்துட்டா உக்காந்திருக்கணும்?" என்று அழுதார்களாம். அதனால் அசல் சுவரிலேயே இருந்துவிட்டது. எம்பஸி முத்திரை குத்தின நகலோடு இவள் வந்தாள். அந்தக் காலத்தில் நகல் போதுமாயிருந்தது. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

பிறகு தகப்பனார் போனார். சிறுநீரக நோயில் புருஷன் போனார். தாயாரும் போனார்கள். ரீமாஸ், ரவான் என்று அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள் தங்கை நஜ்வாவிடம் அந்த வீட்டிலேயே வளர்ந்தார்கள். ஊரில் சண்டை வந்தபோது, அடுப்பில் வைத்த பாத்திரத்தை இறக்காமலே ஓடினார்களாம். எட்டு நாள் பஸ்ஸிலும் நடையிலுமாய் எகிப்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது கெய்ரோவில் ஃபைசல் தெருப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் இவள் சம்பளம்தான் சோறு. சுவரில் மாட்டினது என்ன ஆயிற்று என்று கேட்க அப்போது யாருக்கும் நினைப்பு வரவில்லை.

சண்டை தொடங்கின அடுத்த வருஷம், சாரல் காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பழைய ஆட்கள் எல்லாருடைய சான்றிதழையும், படித்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று இருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க அறுபது நாள் தவணை.

அது எப்படி நடக்கும் என்றால், நம் காகிதத்தை வெளியூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்தக் கம்பெனி, காலேஜுக்கு நேராக எழுதிக் கேட்கும். இந்தப் பெண் உங்களிடம் படித்தவளா, இந்தக் காகிதம் நீங்கள் கொடுத்ததா என்று இரண்டே கேள்வி. காலேஜ் சொல்கிற பதிலில் நாம் கை வைக்க முடியாது. நாங்கள் இவளைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறோம் என்று ஊரே திரண்டு போய்ச் சொன்னாலும் செல்லாது. பதிவேட்டை வைத்திருக்கிறவன் சொன்னால்தான் செல்லும்.

இரத்தப் பரிசோதனை அறையில் இருக்கிற ஹம்திக்கு நாலே நாளில் பதில் வந்துவிட்டது. அவன் எகிப்துக்காரன். ஒரு தட்டு நிறைய ரவை இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் நீட்டினான்.

"என் காலேஜ் எருமை மாதிரி. தள்ளினாலும் நகராது. எப்பப் போய்க் கேட்டாலும் அங்கயேதான் நிக்கும்" என்றான். பிறகு சித்தனா பக்கம் திரும்பி, "உனக்கு வந்துச்சா? வரலையா? எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். நீ நர்ஸே இல்ல, கல்யாண வீட்ல மருதாணி போடுறவ. அந்தக் கையைப் பாத்தாலே தெரியுது" என்றான்.

"மருதாணி போடுறவளா இருந்தா உன் மூஞ்சில எல்லாம் முழிச்சிருப்பேனாடா?" என்று சொல்லிவிட்டு அவள் இனிப்பை வாயில் போட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் முழுங்கினதை நான் பார்க்கவில்லை. குப்பைக் கூடையைக் காலி செய்தபோது அந்தத் துண்டு அப்படியே தாளில் சுற்றிக் கிடந்தது.

அவள் காலேஜுக்குப் போன கடிதம் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது. மறுபடி போட்டார்கள். அதுவும் திரும்பி வந்தது. காலேஜ் இருந்த தெருவில் குண்டு விழுந்து கட்டிடம் பாதி நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் போட்டோ அனுப்பினார்கள். சித்தனா அந்தப் போட்டோவை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பாள். "இது எங்க லேப் ஜன்னல், ராத்தா. இங்கதான் ஆபீஸ். இந்தக் கறுப்பா இருக்கிற இடம்."

பதில் இல்லை என்று கம்பெனி எழுதிவிட்டால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் விசா போகும். விசா போனால் மற்றவர்களுக்கு ஊர் இருக்கிறது. இவளை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?

எங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே அந்த மாதங்களில் மலை தெரியாது. மஞ்சு இறங்கி எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கவே வருவார்கள். சித்தனா ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். போன் அடித்தால் முதலில் கையைத் துணியில் துடைப்பாள். பிறகுதான் எடுப்பாள். கை ஈரமாகவே இருக்காது. சும்மா துடைப்பாள்.

தவணைக்கு இருபது நாள் இருக்கும்போது அவளுடைய சிற்றப்பா மகன் மொத்தஸிம் கெய்ரோவிலிருந்து பேசினான். ஃபைசல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான்.

"அக்கா, கவலையை விடு. காலேஜ் ஆளைப் பிடிச்சுட்டேன். மாற்றுச் சான்றிதழ் போட்டுத் தர்றாங்க. உன் நகலை மட்டும் தெளிவா போட்டோ எடுத்து அனுப்பு" என்றான்.

"எந்த ஆளு? பேரு என்ன?"

"உனக்கு ஆளு வேணுமா, காகிதம் வேணுமா?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒரு வாரத்தில் காகிதம் வந்தது. முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் இருந்தது. மேலே "மாற்றுச் சான்றிதழ்" என்றும் போன மாதத் தேதியும் போட்டிருந்தது. புதுக் காகிதம் வந்தால் கம்பெனி மறுபடி கேட்டுப் பார்க்கும் என்று சொல்லி, ஹம்தி உட்கார்ந்து அவளுக்காக கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். அன்றைக்கு அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் ஊர் வழக்கப்படி காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி போட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை, ஆபீஸ் பொறுப்பில் இருக்கிற துஃபூல் மேடம் தானே எழுந்து வந்தார்கள். இந்த ஊர்ப் பெண். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் டாக்டர்களே பயப்படுவார்கள். முகத்தில் சிரிப்பைப் பார்ப்பதே அபூர்வம். அன்றைக்குச் சிரித்தார்கள்.

"சித்தனா, உன் காலேஜ் உயிரோட இருக்கு! அத்பரான்னு வேற ஊர்ல ஆபீஸ் திறந்திருக்காங்களாம். பதிவு அதிகாரி அப்தல்பாக்கின்னு ஒருத்தர் கம்பெனிக்குப் பதில் எழுதியிருக்கார். பதிவேட்டை எல்லாம் மாவுச் சாக்குல கட்டி, கழுதை வண்டில ஏத்திக் கொண்டு போயிருக்கார் மனுஷன். பத்து நாள்ல உன் ஃபைலைப் பாத்துச் சொல்றேன்னிருக்கார்."

ஹம்தி கைதட்டினான். "மருதாணிக்காரி தப்பிச்சா!" என்று கத்தினான். சித்தனா அந்த இடத்திலேயே, ஊசிக் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில், நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தாள். நானும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். அவள் இஞ்சி போட்டுக் காப்பியை அடுப்பில் வைத்திருந்தாள். காப்பி கொதிக்கிற வரைக்கும், பழைய நகலையும் புதுக் காகிதத்தையும் ஒரே உறையில் போட்டு வைக்கலாம் என்று இரண்டையும் பாயில் பரப்பினாள். நான் பேரீச்சம்பழம் எடுத்து வைத்தேன்.

"ராத்தா" என்றாள்.

குரல் அவளுடையதாகவே இல்லை.

"டாக்டர் இனாம் எப்ப மவுத்தானாங்க? உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் காலேஜின் தலைவி. அந்த அம்மாள் இறந்த செய்தி வந்த அன்று இதே அறையில் சித்தனா அழுதாள். அவர்கள் பேரில் தர்மம் செய்யவேண்டும் என்று நாற்பது பொட்டலம் பேரீச்சம்பழம் கட்டினோம். கட்டினவள் நான்தான். எட்டு வருஷம் இருக்கும்.

அவள் புதுக் காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆனால் கையெழுத்து என்பது படம் மாதிரிதானே. பழைய நகலில் கீழே இருந்த அதே சுழி, அதே வால், புதுக் காகிதத்திலும் இருந்தது. மேலே தேதி போன மாதம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கப்ருக்குப் போனவர்கள் போன மாதம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அவள் மொத்தஸிமுக்குப் போன் போட்டாள். மூன்று தடவை தப்பாக அழுத்தினாள். அவன் சந்தோஷமாக எடுத்தான்.

"சொல்லுக்கா! கையெழுத்து எப்படி? அசலே தோத்துடும்ல? ரெண்டு நாள் குந்தவெச்சு உக்காந்து போட்டேன்."

"காலேஜ் ஆளுன்னியேடா?"

"நான்தான் அந்த ஆளு" என்று சிரித்தான். பிறகு அவன் குரல் இறங்கியது. "என்னக்கா? நீ படிச்சது பொய்யா? நீ எழுதின பரீட்சை பொய்யா? உன் நம்பர் உன்னோடதுதானே? காகிதம் மட்டும்தான் புதுசு. வீட்டை எரிச்சவன் தப்பு பண்ணலையாம், காகிதம் எழுதினவன் தப்பு பண்ணிட்டானாம். நல்லா இருக்கு நியாயம்!"

அவள் அவனைத் திட்டவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அந்த ஆள் பேரு என்னன்னு ரெண்டாவது தடவை நான் கேக்கல, ராத்தா. கேட்டா சொல்லிடுவான்னு பயந்துதான் கேக்கல. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

முந்தின நாள் வந்த நல்ல செய்தி இப்போது எங்கள் தலைக்கு மேல் தொங்கியது. காலேஜ் பதில் சொல்லாமலே போயிருந்தால் வேலைதான் போயிருக்கும். இப்போது பதில் சொல்லப் போகிறார்கள். சாக்கிலிருந்து பதிவேட்டை எடுத்து, அவள் பேரைத் தேடி, பக்கத்தில் இந்தக் காகிதத்தை வைத்துப் பார்க்கப் போகிறார்கள். போலிச் சான்றிதழ் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் இந்த நாட்டில் மட்டுமில்லை, பக்கத்து வளைகுடா நாடுகளிலும் பேர் ஏறிவிடும். போலீஸ் வரலாம். படித்துப் பட்டம் வாங்கின நர்ஸ், போலி நர்ஸ் என்று ஆகிவிடுவாள். யார் போய் எதைச் சொல்லி அழிக்க முடியும்?

சனிக்கிழமை ஹம்தியிடம் மட்டும் சொன்னாள். ஏற்றிக் கொடுத்தவன் அவன் அல்லவா. அவன் கதவைச் சாத்தினான். அன்றைக்கு அவன் கேலி எல்லாம் எங்கோ போய்விட்டது.

"வாயைத் திறக்காதே. என்ன பாப்பாங்க? நம்பரைப் பாப்பாங்க. நம்பர் சரியா இருந்தா டிக் போட்டுட்டுப் போயிடுவாங்க. சாக்கு மூட்டைக்குள்ள உக்காந்திருக்கிற மனுஷனுக்குக் கையெழுத்துப் பாக்க நேரம் இருக்குமா?"

"பாத்துட்டா?"

"பாத்துட்டா அப்பப் பாத்துக்கலாம். இப்பவே போய்ச் சொன்னா நிச்சயம் மாட்டுவே. சொல்லாட்டி ஒருவேளை மாட்டுவே. ஒம்போது பேரு சாப்பிடுறாங்க சித்தனா. யோசி." சொல்லிவிட்டு என்னையும் பார்த்தான். "ராத்தா, நீயும் வாயைத் திறந்து கெடுத்துடாதே."

நான் அவளிடம் உண்மையைச் சொல் என்று சொல்லவில்லை. சொன்னேன் என்று இப்போது புளுகிவிடலாம், ஆனால் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் முகம் எனக்குத் தெரியும், வீடியோவில் தினம் பார்க்கிறேன். "ரெண்டு ரக்அத் தொழு" என்று மட்டும் சொன்னேன். அவள் தொழுதாள். தொழுதுவிட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசி அறையில் கூட்டம். சாரல் காலத்தில் இருமல் இல்லாத பிள்ளை கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் பெண், ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தாள். ஈரத்தில் லேபிள் உரிந்து போயிருந்தது. வேறு குப்பியிலிருந்து விழுந்த லேபிளை எடுத்து அதில் ஒட்டப் போனாள்.

சித்தனா அந்தக் கையைப் பிடித்தாள். "என்ன பண்றே?"

"சிஸ்டர், இது அதே மருந்துதான். நான்தான் நேத்து வெச்சேன். எனக்கு நல்லாத் தெரியும்."

"உனக்குத் தெரியும். குப்பிக்குத் தெரியுமா? உள்ள நல்ல மருந்தே இருக்கட்டும். வேற லேபிளை ஒட்டினப்புறம் அது விஷம்தான். தூக்கிப் போடு."

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே குப்பைப் பெட்டியில் போட்டாள். சித்தனா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். நான் துடைத்துக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டி அவள் வந்தாள்.

"ராத்தா, என்கூட வா."

துஃபூல் மேடம் அறைக்குப் போனோம். நான் வாசலுக்கு உள்ளே ஓரமாக நின்றேன். அவள் நிற்கவும் மாட்டாமல் உட்காரவும் மாட்டாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். ஆனால் ஒன்றையும் விடவில்லை. யார் எழுதினது என்று மட்டும் சொல்லவில்லை. "என் சொந்தக்காரன் ஒருத்தன். கேக்காம வாங்கினது நான்" என்றாள்.

துஃபூல் மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

"ஏன் எங்கிட்ட சொன்னே?" என்றார்கள். கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது. "எனக்குத் தெரியாம இருந்தா நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் நான் எழுதலேன்னா என் வேலையும் போகும். எழுதினா உன் கதை என்னாகும்னு எனக்குத் தெரியாது. எழுதினதை அழிக்க முடியாது, அது மட்டும் தெரியும்."

"தெரியும் மேடம்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போன வருஷம் ஒருத்தனை ஏர்போர்ட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. பெட்டி கட்டக்கூட விடல." கடிகாரத்தைப் பார்த்தார்கள். "இப்ப பதினொண்ணரை. லுஹர் தொழுதுட்டு வா. வந்து, நீ எங்கிட்ட ஏதாவது சொன்னியா இல்லையான்னு சொல்லு. சொல்லலைன்னா நீ டீ பத்திப் பேச வந்தே. இந்த ராத்தாவும் டீ கொண்டு வந்தாங்க. அவ்வளவுதான்."

தொழுகை அறையில் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். தொழுகை முடிந்து சலாம் கொடுத்த பிறகு அவள் கையை ஏந்தினாள். ஆனால் உதடு அசையவில்லை. கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள், எதைக் கேட்பது என்று தெரியாத மாதிரி. திரும்பி அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் வா என்று இழுக்க வேண்டும்போல் இருந்தது.

அவள் எழுந்து நேராக ஆபீசுக்குப் போனாள். கதவைத் தட்டினாள். "மேடம், நான் சொன்னேன்" என்றாள்.

துஃபூல் மேடம் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்கள். பிறகு எழுத ஆரம்பித்தார்கள். தவறான காகிதம் ஒன்று ஏற்றப்பட்டுவிட்டது, அதை நானாகத் திரும்பப் பெறுகிறேன், என் பழைய எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பாருங்கள் என்று ஒரு கடிதம். சித்தனா கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு சின்னக் கையெழுத்து அவள் போட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே அவளை ஊசியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதில் வருகிற வரைக்கும் பஞ்சு மடிக்கிற வேலை. மலையிலிருந்து வந்த ஒரு பெண், தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "வெள்ளைத்துணி அம்மா இருக்காங்களே, அவங்களே போடட்டும்" என்றாள். சித்தனா பஞ்சைப் பார்த்துக்கொண்டே, "எனக்குக் கையில வலிம்மா" என்றாள். உள்ளே அந்தப் பிள்ளை அலறினது வாசல் வரைக்கும் கேட்டது.

பதினோரு நாள். வாசலில் எந்தக் கார் நின்றாலும் அவள் எழுந்து நிற்பாள். ஒரு நாள் சீருடை போட்ட இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவருக்குக் காதுவலி. அவர்கள் டோக்கன் வாங்கி உட்கார்ந்த பிறகும் சித்தனா மருந்து அறைக்குள் சுவரோடு சுவராக நின்றாள். நான் போய்த் தோளைத் தொட்டேன். "பெட்டி கட்டி வெச்சுட்டேன், ராத்தா. கேட்டா உடனே எடுத்துக்கணும்ல" என்றாள். அறையில் கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் தொழுகைக்கு முஸல்லாவை விரித்தேன்.

பதில் இரண்டு வரியாக வந்தது. துஃபூல் மேடம் படித்துக் காட்டினார்கள். இந்தப் பெண் எங்கள் மாணவி, நூற்றுப் பதினேழாம் எண், நல்ல மதிப்பெண்ணில் தேறினவள், பதிவேட்டில் அவள் விரல் ரேகை இருக்கிறது என்று முதல் வரி. அனுப்பப்பட்ட மாற்றுச் சான்றிதழ் நாங்கள் கொடுத்தது அல்ல என்று இரண்டாவது வரி. அந்த அப்தல்பாக்கி கையெழுத்தைப் பார்த்திருக்கிறார். சாக்கு மூட்டைக்குள் உட்கார்ந்திருந்தும் பார்த்திருக்கிறார். ஹம்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மஸ்கட்டுக்கு வரச் சொன்னார்கள், ஐந்து பேர் கமிட்டி முன்னால். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் பயணம். பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்தே விமானம் ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று. போகும்போது என்னிடம், "காப்பிப் பாத்திரம் உனக்கு, ராத்தா. இஞ்சியை நசுக்கிப் போடு, அரைச்சுப் போடாதே" என்றாள். நான் கோபமாக, "வாயைக் கழுவு" என்றேன். அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன்.

கமிட்டியில் என்ன நடந்தது என்று அவள் திரும்பி வந்து சொன்னதுதான். கடிதத்தில் இருந்த தேதியையும் காலேஜ் பதில் எழுதின தேதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். இவள் கடிதம் ஒன்பது நாள் முந்தி இருந்தது. கடைசியில் ஒரு வயதான டாக்டர் கேட்டாராம். "அம்மா, காலேஜ் மறுபடி திறக்காமலே இருந்திருந்தா, இதை எங்ககிட்ட வந்து சொல்லியிருப்பியா?"

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"தெரியலைன்னு சொன்னேன்."

லைசென்ஸை வெட்டவில்லை. ஆறு மாதம் இன்னொரு நர்ஸ் கண்காணிப்பில் வேலை செய்யவேண்டும். அந்த இரண்டாவது வரி மட்டும் ஃபைலில் இருக்கும். எப்போதும் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும்போது யாரோ ஒருவர் அதைப் படிப்பார், அவளைக் கூப்பிட்டுக் கேட்பார், அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மறுபடி ஊசி எடுத்த அன்றைக்கு, பிள்ளையின் காதைப் பிடித்துவிட்டு, கேட்க வேண்டியதை மறந்து நின்றுவிட்டாள். பிள்ளையே சொன்னது, "இது என் காதுதான்" என்று. முன்பு கேட்டு வைத்திருந்த பிள்ளை போல. கண்காணிக்கிற நர்ஸ் பெண் சிரித்தாள். குப்பி லேபிள் ஒட்டப் போன அதே பெண்தான்.

மொத்தஸிம் போன வாரம்கூடக் கேட்டான், "காகிதம் வேலை செஞ்சுதாக்கா?" என்று. "செஞ்சுது தம்பி. இனிமே யாருக்கும் போட்டுக் கொடுக்காதே. ஒருத்தருக்கும். என் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு" என்றாள். அவன் புரியாமலே சத்தியம் பண்ணினான்.

அத்பராவிலிருந்து உண்மையான மாற்றுச் சான்றிதழ், நாலு கை மாறி, பழுப்பு உறையில் வந்து சேர்ந்தது. இப்போது இருக்கிற தலைவர் கையெழுத்து, புது முத்திரை. நஜ்வா வீடியோவில் அதைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். "அனுப்பி வை, சட்டம் போட்டு மாட்டுறேன். வாப்பா மாட்டின மாதிரியே. இந்த வீட்லயும் ஒரு சுவரு இருக்கு" என்றாள். பின்னால் ரீமாஸ், "தங்கக் கலர், உம்மா!" என்று கத்தினாள்.

சித்தனா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "சுவரை நம்பி இனி எதையும் மாட்ட மாட்டேன்" என்றாள். பிள்ளைகளுக்கு முகம் வாடிப்போயிற்று.

சலாலா மீன் கடையில், கையில் பையும் கக்கத்தில் ஒரு பழுப்பு உறையுமாய், வெள்ளைத் துணி சுற்றின ஒரு பெண் பேரம் பேசிக்கொண்டு நின்றால் அது அவள்தான். மீன் தண்ணீர் படாமல் உறைக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றியிருப்பாள். தொழும்போது முஸல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பாள். படுக்கும்போது தலையணைக்கு அடியில். நான் ஒரு தடவை அறையைக் கூட்டும்போது தெரியாமல் நகர்த்தி வைத்துவிட்டேன். அவள் வந்து தலையணையைத் தூக்கிப் பார்த்தபோது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து நான் அந்தப் பக்கம் கூட்டுவதில்லை.